தாமிரப் பாடமும் கைவிடப்பட்ட சுரங்கமும்

தாமிரத்தைப் பிரித்தெடுக்கும் பாடத்தைப் படிக்காமல் நம்மில் பெரும்பாலோர் பள்ளி வேதியியலைக் கடந்து வந்ததில்லை. காப்பர் பைரைட் என்னும் தாதுவைப் பொடி செய்தல், நுரை மிதப்பு முறையில் அடர்ப்பித்தல், வறுத்தல், உருக்குதல், பெஸ்ஸமர் உலையில் காற்றைச் செலுத்துதல், கொப்புளத் தாமிரம் பெறுதல், இறுதியில் மின்னாற்பகுப்பால் தூய்மை செய்தல் என்று அப்பாடம் படிப்படியாகச் செல்லும். பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் மாறினாலும் இந்த வரிசை மாறுவதில்லை. தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக வருவதால் மாணவர்கள் இதை நன்றாகவே மனப்பாடம் செய்கிறார்கள்.

இக்கட்டுரை அந்தப் பாடத்தின் மீதான ஒரு திறனாய்வு ஆகும். இயற்பியல் ஆசிரியனுக்கு வேதியியல் பாடத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பாடத்தில் கூறப்படாமல் விடப்பட்டவற்றில் பாதி இயற்பியல் என்பதே அதற்கு விடை. மற்றப் பாதி நிலவியல். இவ்விரண்டும் இல்லாமல் சொல்லப்படும் தாமிரக் கதை, தலையும் காலும் இல்லாத உடல் போன்றது. பூமியிலிருந்து அது எப்படித் தொடங்கியது என்பதும் தெரியாது. வேலை முடிந்த பின் என்ன எஞ்சியது என்பதும் தெரியாது.

குறை கூறுமுன் நிறையைக் கூறுவதே முறை. இந்தப் பாடத்தின் வரிசை தெளிவானது. ஒவ்வொரு படியிலும் எந்த மாசு நீங்குகிறது என்பதைச் சொல்கிறது. வறுக்கும்போது கந்தகத்தில் ஒரு பகுதி போகிறது. மணலைச் சேர்த்து உருக்கும்போது இரும்பு கசடாகப் பிரிகிறது. எஞ்சிய கந்தகமும் பெஸ்ஸமர் உலையில் நீங்குகிறது. ஒரு பொருளிலிருந்து வேண்டாதவற்றைப் படிப்படியாக விலக்குவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு பள்ளிப் படிப்பில் அரிது. ஆனால் விலக்கப்பட்டவை எங்கே போயின என்ற வினாவைப் பாடம் எழுப்புவதில்லை. நாம் அந்த வினாவை எழுப்பிப் பார்ப்போம்.

கனிமம் தனியே இருப்பதில்லை

பாடத்தில் தாது என்பது ஒரு வாய்பாடு. உண்மையில் தாது என்பது ஒரு பாறை. இதை உணர ஒரு சிறிய சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் செல்லும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பெங்களூரைத் தாண்டிச் சித்ரதுர்கா நகரை அடைகிறது. அந்நகருக்கு அருகில் இங்கள்தாள் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே மிகப் பழங்காலத்திலேயே மக்கள் தாமிரம் தேடித் தோண்டிய குழிகள் உண்டு. 1970களில் கர்நாடக அரசு நிறுவனம் ஒன்று அங்கே நவீன முறையில் சுரங்கம் நடத்தித் தாமிரத் தாதுவை எடுத்தது. சிங்பூம், கேத்ரி போன்ற பெருஞ்சுரங்கங்களோடு ஒப்பிட்டால் இது சிறியது. சில பத்தாண்டுகளுக்குப் பின் தாமிர உற்பத்தி நின்றது.

அங்குள்ள பாறைகள் பழைய எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை. அக்குழம்பு கடலடியில் வெளிப்பட்டது என்பதற்குச் சான்று அதே மாவட்டத்தில் மரடிஹள்ளியில் உள்ளது. அங்கே பாறைகள் தலையணைகளை அடுக்கியது போல் காணப்படுகின்றன. சூடான குழம்பு நீரில் வெளிப்பட்டவுடன் மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து தோலாகிவிடும். உள்ளிருக்கும் குழம்பு அதைப் பிளந்துகொண்டு அடுத்த உருண்டையாகப் பிதுங்கும். இவ்வாறு உண்டாவதே தலையணை எரிமலைப் பாறை. 250 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்பதற்கு இது கல்லில் எழுதப்பட்ட ஆவணம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதனைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்துள்ளது.

எரிமலைப் பாறைக்கும் தாமிரத்துக்கும் என்ன தொடர்பு? கடல்நீர் பாறை வெடிப்புகளின் வழியே கீழே இறங்கிச் சூடாகும்போது, பாறையில் மிகச் சிறு அளவில் பரவிக் கிடக்கும் தாமிரம், துத்தநாகம், இரும்பு ஆகியவற்றைக் கரைத்துக்கொள்கிறது. அந்தச் சூடான நீர் மீண்டும் மேலே வந்து குளிரும்போது அவை கந்தகத்தோடு சேர்ந்து படிகின்றன. இது வெறும் ஊகமன்று. 1979இல் பசிபிக் கடலடியில் ஏறத்தாழ 350 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர், கரும்புகை போல் பீறிடுவதை ஆராய்ச்சியாளர்கள் நீர்மூழ்கியில் சென்று நேரில் கண்டார்கள். அந்தப் புகையின் கருமை உலோகச் சல்பைடுகளின் நுண்துகள்களால் ஆனது. பண்டைய எரிமலைப் பாறைகளோடு சேர்ந்து காணப்படும் தாமிரப் படிவுகள் பலவும் இத்தகைய வெந்நீர் ஊற்றுகளின் வேலையே என்று அதன்பின் தெளிவாயிற்று.

இங்கள்தாள் தாதுவில் காப்பர் பைரைட் மட்டும் இல்லை. இரும்பு பைரைட் உண்டு. பிர்ரோட்டைட் என்னும் மற்றோர் இரும்புச் சல்பைடும் உண்டு. இவற்றைச் சுற்றிக் குவார்ட்சு, கார்பனேட்டுக் கனிமங்கள், பச்சை நிறமுள்ள குளோரைட் ஆகியவை இருக்கின்றன. பாடநூல் இவை அனைத்தையும் தாதுக்கூளம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. அந்த ஒரு சொல்லுக்குள்தான் சுரங்கத்தின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னால் காண்போம்.

நூற்றில் ஒன்று

காப்பர் பைரைட்டின் எடையில் தாமிரம் 34.6 சதவீதம், இரும்பு 30.4 சதவீதம், கந்தகம் 35 சதவீதம். ஏறத்தாழ மூன்று சம பங்குகள். இதைப் படிக்கும் மாணவன், மூன்று டன் தாதுவைத் தோண்டினால் ஒரு டன் தாமிரம் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்கிறான். அவ்வாறு எண்ணக் கூடாது என்று பாடம் எங்கும் எச்சரிப்பதில்லை.

இன்று உலகில் வெட்டப்படும் தாமிரத் தாதுக்கள் பலவற்றில் தாமிரம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கணக்குக்காக ஒரு பங்கு என்றே கொள்வோம். அப்படியானால் ஒரு டன் தாமிரத்துக்கு 100 டன் பாறையை உடைத்து, மாவு போல் அரைக்க வேண்டும். அந்த 100 டன்னில் காப்பர் பைரைட் 3 டன்னுக்கும் சற்றுக் குறைவு. எஞ்சிய 97 டன் மற்றப் பாறை.

இதைப் பருமனில் பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும். தாமிரத்தின் அடர்த்தி நீரைப் போல் ஏறத்தாழ 9 மடங்கு. ஆகவே ஒரு டன் தாமிரத்தை ஒரே கட்டியாக வார்த்தால் பக்கத்துக்கு 48 சென்டிமீட்டர் உள்ள கனசதுரமாகும். ஒரு சிறிய முக்காலியின் உயரந்தான். 100 டன் பாறையோ பக்கத்துக்கு 3.3 மீட்டர் உள்ள கனசதுரம். ஓர் அறையின் அளவு. முக்காலிக்காக ஓர் அறையை வெட்டி எடுக்கிறோம்.

எடுத்த பாறையை வேலை முடிந்ததும் அதே குழியில் கொட்டி மூடிவிடலாமே என்று தோன்றலாம். இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. இறுகிய பாறையை அரைத்துப் பொடியாக்கினால் துகள்களுக்கிடையே வெற்றிடம் உண்டாகிறது. பொடியின் பருமனில் 40 சதவீதம் வெற்றிடம் என்று கொண்டால், 35 கனமீட்டர் பாறை 58 கனமீட்டர் பொடியாகிவிடும். உலோகத்தை எடுத்த பின்னும் மிஞ்சுவது அந்தக் குழியில் கொள்ளாது. ஒவ்வொரு சுரங்கத்தின் அருகிலும் ஒரு செயற்கைக் குன்று நிற்பதற்கு இதுவே காரணம். வடார்க்காட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைக்குச் சென்ற கோலார் தங்கவயலில் இதை எவரும் காணலாம். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் போய்விட்டது, சக்கை மணல் குன்றுகள் ஊரிலேயே இருக்கின்றன. காற்றடிக்கும் நாட்களில் அவற்றின் புழுதி தெருக்களுக்கும் வருகிறது.

கனமானது மிதப்பதேன்?

நுரை மிதப்பு முறையைப் பாடநூல் நாலைந்து வரிகளில் சொல்கிறது. தாதுப் பொடியை நீரிலிட்டு, பைன் எண்ணெய் சேர்த்து, காற்றைச் செலுத்தினால் தாது நுரையோடு மேலே வரும். தாதுக்கூளம் அடியில் தங்கும். படமும் உண்டு. ஆனால் இதில் ஒரு புதிர் இருப்பதை மாணவன் கவனிக்குமாறு செய்வதில்லை. காப்பர் பைரைட்டின் அடர்த்தி 4.2, குவார்ட்சின் அடர்த்தி 2.65. கனமான துகள் மேலே போகிறது, இலேசான துகள் கீழே தங்குகிறது! ஆர்க்கிமிடீசைப் படித்த மாணவன் இதை ஏன் என்று கேட்க வேண்டாமா?

விடை பரப்பு இழுவிசையில் இருக்கிறது. எண்ணெய் தடவிய ஊசியை நீர்ப்பரப்பில் மெல்ல வைத்தால் மிதக்கும். நன்றாகக் கழுவிய ஊசி மூழ்கும். இரண்டும் ஒரே இரும்புதான். நீர் ஊசியை நனைக்கிறதா இல்லையா என்பதே வேறுபாடு. சாந்தேட்டு என்னும் வேதிப்பொருளின் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை சல்பைடுத் துகளைப் பற்றிக்கொள்ளும். மறுமுனை நீரை வெறுக்கும். அதனால் சல்பைடுத் துகள் நீரைவிட்டு விலகிக் காற்றுக் குமிழியில் ஒட்டிக்கொள்கிறது. குமிழியோ பெரிது; துகளோ மிகச் சிறிது. இரண்டும் சேர்ந்த உருவின் சராசரி அடர்த்தி நீரைவிடக் குறைவு. ஆகவே ஆர்க்கிமிடீசும் தோற்கவில்லை. பைன் எண்ணெயின் வேலை நுரையை நிலைக்கச் செய்வதுதான்.

இந்த ஒரு பத்தியைச் சேர்த்தால் பாடம் எவ்வளவு உயிர் பெறும்! வேதியியலும் இயற்பியலும் இரண்டு மணி அடித்து மாறும் வகுப்புகள் அல்ல என்பதும் மாணவனுக்குப் புரியும்.

மாமண்டூர் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டிலேயே தாமிரம் இல்லையா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் மாமண்டூர் என்ற இடத்தில் தாமிரம், ஈயம், துத்தநாகம் ஆகிய மூன்றும் கலந்த சல்பைடுத் தாது உள்ளது. காஞ்சிபுரம் பக்கத்தில் பல்லவர் குடைவரைகள் உள்ள மாமண்டூர் வேறு, இது வேறு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இந்த இடத்தை ஆராய்ந்துள்ளது. இங்கே துத்தநாகமே மிகுதி, அடுத்து ஈயம், தாமிரம் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. இவ்வளவு ஆராய்ந்த பிறகும் அது பெரிய வணிகச் சுரங்கமாக உருவெடுக்கவில்லை.

காரணங்களில் ஒன்று அளவின் சிறுமை. மற்றொன்றைப் பாறையே சொல்கிறது. மாமண்டூர்ப் பாறைகள் ஒரு காலத்தில் பூமியின் மேலோட்டில் மிக ஆழத்துக்கு அமிழ்ந்து, 700 பாகை அளவிலான வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் உருமாறியவை. நம் சவ்வாது மலையிலும் சென்னைப் பரங்கிமலையிலும் காணும் சார்னோக்கைட் பாறையும் அத்தகைய ஆழத்தின் வெப்பத்தை அறிந்ததே. அந்த வெப்பத்தில் தாதுக் கனிமங்கள் மீண்டும் படிகமாகி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன. துத்தநாகத்தில் ஒரு பகுதி சல்பைடை விட்டுவிட்டு ஸ்பைனல் என்னும் கடினமான ஆக்சைடுக் கனிமத்துக்குள் புகுந்துகொண்டது. வேதியியல் பகுப்பாய்வு செய்தால் அந்தத் துத்தநாகமும் கணக்கில் வரும். ஆனால் சல்பைடுகளுக்கென்று அமைந்த நுரை மிதப்பில் அது வராது, கூளத்தோடு போய்விடும். தாதுவில் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு வினா. எந்தக் கனிமத்தில் இருக்கிறது என்பது வேறொரு வினா. பாடநூல் முதல் வினாவைக்கூட முழுமையாகக் கேட்பதில்லை.

மூன்று சல்பைடுகளும் நுரையில் மிதக்கக்கூடியவை என்பதால் அவற்றைத் தனித்தனியே பிரிப்பதும் ஒரு கலை. முதலில் துத்தநாகச் சல்பைடை அடக்கிவைக்கும் வேதிப்பொருள்களைச் சேர்த்து, மற்ற இரண்டையும் மிதக்கவிட வேண்டும். பிறகு துத்தநாகத்தை மிதக்கச் செய்ய அதில் சேர்ப்பது எது தெரியுமா? நம் நாட்டு மருந்துக் கடைகளில் மயில்துத்தம் என்று விற்கும் தாமிர சல்பேட்டுத்தான். துத்தநாகச் சல்பைடுத் துகளின் மேற்பரப்பில் தாமிரம் மெல்லிய படலமாகப் படிய, அதன் மேல் சாந்தேட்டு ஒட்டிக்கொள்கிறது.

நேற்றைய கூளம் நாளைய தாதுவாகலாம் என்பதற்கும் இந்த முறையே சான்று. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்தில் துத்தநாகத்தைப் பிரிக்க வழி தெரியாமல் மலை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நுரை மிதப்பு முறை வளர்ந்ததும் அந்தக் குவியல்களே செல்வமாயின. ஆகவே தாதுக்கூளம் என்பது ஒரு கனிமத்தின் பெயரன்று. அன்றைய அறிவுக்கும் விலைக்கும் எட்டாதவற்றுக்கு நாம் இடும் பெயர்.

பூமிக்குள் ஒரு மின்கலம்

கைவிடப்பட்ட தாமிரச் சுரங்கத்தின் வாயில், கழிவுக் குவியல் ஆகிய இடங்களில் பல வண்ணங்களைக் காணலாம். பச்சை என்பது மாலகைட்; நீலம் அசுரைட். இரண்டும் தாமிரத்தின் காரக் கார்பனேட்டுகள். துருப்பிடித்த செம்பழுப்பு இரும்பின் நீரேறிய ஆக்சைடுகள். பழங்கால மக்கள் இந்த வண்ணங்களைப் பார்த்தே தாது இருக்குமிடத்தை அறிந்தார்கள். பைரைட்டின் பொன்னிறம் ஆழத்தில் இருக்கும். வெளியே தெரிவது துருவும் பச்சையுமே.

இந்த வண்ணங்கள் எப்படி உண்டாகின்றன? சல்பைடுகள் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். ஒரு தாதுப் படிவின் மேல்முனை ஆக்சிஜன் நிறைந்த மண்நீரிலும், கீழ்முனை ஆக்சிஜன் குறைந்த ஆழ்நீரிலும் நிற்கிறது. ஒரே கடத்தி இரு வேறு கரைசல்களைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது மின்கலம் அன்றோ! இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் இருந்த தாமிரச் சுரங்கங்களில் ராபர்ட் பாக்ஸ் என்பவர் 1830இலேயே இந்த இயற்கை மின்னோட்டத்தை அளந்து காட்டினார். இன்றும் நிலவியலார் தரைமேல் இரு மின்வாய்களை ஊன்றி மின்னழுத்த வேறுபாட்டை அளந்து தாது தேடுகிறார்கள். நல்ல சல்பைடுப் படிவின் மேல் சில நூறு மில்லிவோல்ட் வேறுபாடு காணப்படும். அந்த மின்வாய் எது என்றால், நுண்துளை மண்குடுவையில் மயில்துத்தக் கரைசலை நிரப்பி அதில் நிறுத்திய தாமிரக் கம்பி. டேனியல் மின்கலத்தைச் செய்து பார்த்த பள்ளி ஆய்வகம் எதிலும் இதற்கு வேண்டிய பொருள்கள் உண்டு.

மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் அதன் மேல் தாமிரம் படியும் சோதனையும் மாணவர்களுக்குத் தெரிந்ததே. வேல்ஸ் நாட்டின் பாரிஸ் மலைச் சுரங்கத்தில் இதையே தொழிலாக நடத்தினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே பெரிய தாமிரச் சுரங்கம் என்று பெயர் பெற்ற இடம் அது. சுரங்கத்திலிருந்து வடியும் நீரைத் தொட்டிகளில் தேக்கிப் பழைய இரும்பைப் போட்டுத் தாமிரத்தைப் படியவைத்தார்கள். அந்த நீரில் அவ்வளவு தாமிரம் கரைந்திருந்தது. இதில் மகிழ்ச்சி பாதி, கவலை பாதி. தாமிரம் கரைந்த நீர் தொட்டிக்கு வந்தால் வருமானம். ஆற்றுக்குப் போனால் மீனுக்கு நஞ்சு.

மூடிய பின் தொடங்கும் வேதியியல்

இனி, விட்டுப்போன அந்த வினாவுக்கு வருவோம். விலக்கப்பட்ட கந்தகமும் இரும்பும் எங்கே?

உலைக்குப் போன தாதுவின் கந்தகம் கந்தக டை ஆக்சைடாகிறது. நல்ல ஆலைகளில் அதைக் கந்தக அமிலமாக்கி விற்கிறார்கள். ஆனால் இரும்பு பைரைட்டில் பெரும்பகுதி உலைக்கே போவதில்லை. அது தாமிரமில்லாத வெறும் கூளம் என்று ஒதுக்கப்பட்டுக் குவியலில் கிடக்கிறது. ஆழத்தில் காற்றுப் படாமல் பல கோடி ஆண்டுகள் அமைதியாக இருந்த கனிமம் இப்போது பொடியாகி, மழையிலும் காற்றிலும் நனைகிறது. ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து அதைச் சிதைக்க, இரும்புத் துருவும் கந்தக அமிலமும் உண்டாகின்றன. பாறையில் நூற்றுக்கு ஐந்து பங்கு பைரைட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 டன் பாறையில் கந்தகம் 2.7 டன். அது முழுவதும் சிதைந்தால் வரக்கூடிய அமிலம் 8 டன். ஒரு டன் தாமிரத்துக்கு எட்டு டன் அமிலம்! இந்த வினை தானாக மெதுவாக நடப்பது. ஆனால் இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து உயிர் வாழும் பாக்டீரியாக்கள் இதைப் பன்மடங்கு விரைவாக்குகின்றன. அத்தகைய பாக்டீரியா 1947இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்க நீரில் கண்டறியப்பட்டது.

பாரிஸ் மலையில் சுரங்கத் தொழில் முடிந்து நெடுங்காலமாயிற்று. அமிலநீர் இன்னும் நிற்கவில்லை. மலைக்குள் தேங்கிய நீர் அணையை உடைத்துக்கொண்டு அருகிலுள்ள ஊருக்குள் பாயக்கூடும் என்று அஞ்சி 2003இல் அதனை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

ஆனால் கைவிடப்பட்ட சுரங்கம் எல்லாம் நஞ்சூற்று என்று முடிவு கட்டுவதும் அறிவியலாகாது. இங்கேதான் தாதுக்கூளம் என்ற சொல்லுக்குள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூளத்தில் கார்பனேட்டுக் கனிமங்கள் போதிய அளவில் இருந்தால், நம் தோட்டத்துப் புளித்த மண்ணில் சுண்ணாம்பு இடுவது போல, அவை அமிலத்தை நடுநிலையாக்கிவிடும். குவார்ட்சு மட்டும் இருந்தால் அது அமிலத்தைத் தடுக்காது. இங்கள்தாள் தாதுவோடு கார்பனேட்டும் இருக்கிறது. சித்ரதுர்காப் பகுதியில் மழையும் குறைவு. பாரிஸ் மலை மழை மிகுந்த தீவில் இருக்கிறது. ஒரே காப்பர் பைரைட், ஒரே வாய்பாடு. ஆனால் இரண்டு இடங்களின் விதி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதைத் தீர்மானிப்பது பாடத்தில் பெயர்கூடப் பெறாத கனிமங்கள். ஊகிக்காமல் அளந்து பார்த்தே சொல்ல வேண்டும்; அளப்பதற்கு முதற்கருவி ஒரு துண்டு அமில-காரத் தாள்.

நம் ஊரில் அதே பிழை

எங்கோ உள்ள தாமிரச் சுரங்கத்தைப் பற்றி ஆம்பூர் மாணவன் ஏன் கவலைப்பட வேண்டும்? ஏனெனில் இதே அரைப்பாடம் நம் பாலாற்றங்கரையிலும் நடந்திருக்கிறது.

ஆவாரம் பட்டையில் தோல் பதப்படுத்திய காலம் போய்க் குரோமியம் வந்த பிறகு, அதற்கு வேண்டிய குரோமியச் சேர்மங்களைச் செய்யும் தொழிற்சாலை ஒன்று ராணிப்பேட்டையில் இயங்கியது. அதன் மூலப்பொருளும் ஒரு கனிமந்தான், குரோமைட். அதைச் சோடா உப்போடு சேர்த்துக் காற்றில் வறுத்தால் சோடியம் குரோமேட்டு கிடைக்கும். நீரில் கரைத்துப் பிரித்தெடுக்கலாம். வேதியியல் நூலில் இந்தச் சமன்பாடு சோடியம் குரோமேட்டோடும் இரும்பு ஆக்சைடோடும் கச்சிதமாக முடிந்துவிடும். தொழிற்சாலையில் அது முடியவில்லை. நீரில் கரையாமல் எஞ்சிய சக்கையில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கியிருந்தது. 1995இல் தொழிற்சாலை மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட சக்கை அங்கேயே விடப்பட்டது. மழை பெய்தால் அதிலிருந்து வடியும் மஞ்சள் நீர் நிலத்தடி நீரையும் எட்டியது. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. தோலில் சேரும் மூன்று இணைதிறன் குரோமியத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஆக்சிஜனேற்ற எண்ணில் மட்டும் இருக்கிறது. தேர்வில் அந்த எண்ணைச் சரியாக எழுதுகிற மாணவர்களே பின்னாளில் இத்தொழிலின் மேற்பார்வையாளர்களாகவும் ஆகிறார்கள்.

தாமிரச் சுரங்கத்தின் பைரைட் குவியலும் ராணிப்பேட்டைச் சக்கையும் வேதியியலில் வேறு வேறு. ஆனால் அவற்றை உண்டாக்கிய மனப்பழக்கம் ஒன்று. விளைபொருள் வந்ததும் சமன்பாடு முடிந்தது என்று எண்ணும் பழக்கம் அது. 1996 ஆகஸ்டு 28இல் வேலூர் மக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. நம் மாவட்டத்துத் தோல் கழிவைப் பற்றி எழுந்த வழக்கு நாட்டுக்கே விதி வகுத்தது. நீதிமன்றம் கேட்ட வினாவை, அதாவது எஞ்சியது எங்கே, அதற்கு யார் பொறுப்பு என்பதை, வகுப்பறை ஏன் கேட்கக் கூடாது?

என்ன செய்யலாம்?

பள்ளிப் பாடத்தில் இவ்வளவையும் திணிக்க முடியுமா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாணவர்களின் சுமை ஏற்கெனவே பெரிது. தாமிரம் இல்லாமல் மின்கம்பி இல்லை, மோட்டார் இல்லை என்பதும் உண்மை. சுரங்கமே வேண்டாம் என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நான் கேட்பது மூன்று சிறு மாற்றங்களே.

முதலாவது, தாதுவின் வாய்பாட்டுக்குப் பக்கத்தில் அதைத் தாங்கும் பாறையின் பெயரும், நூற்றில் எத்தனை பங்கு உலோகம் என்ற எண்ணும் வர வேண்டும். ஒரு வரி போதும். இரண்டாவது, நுரை மிதப்பைச் சொல்லும் இடத்தில் கனமானது ஏன் மிதக்கிறது என்ற வினாவை எழுப்பி, எண்ணெய் ஊசிச் சோதனையைச் செய்யச் சொல்ல வேண்டும். அதற்குச் செலவு ஒரு கிண்ணம் நீர். மூன்றாவது, மின்னாற்பகுப்புக்குப் பின் பாடத்தை முடிக்காமல், எஞ்சிய பொருள்களின் பட்டியலை மாணவனையே எழுதச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எங்கே போகிறது, மழையில் என்ன ஆகும் என்று இரண்டு கட்டங்கள். மனப்பாடத்துக்கு இடமில்லாத வினா இது. வேதியியல் தெரிந்தவனே விடை எழுத முடியும்.

மாணவர்கள் பாடநூல் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று மாலையே உங்கள் குறிப்பேட்டில் தாமிரப் பாடத்தின் கடைசிச் சமன்பாட்டின் கீழ் ஒரு கோடு இழுங்கள். அதன் கீழ் 100 டன் என்று எழுதி, ஒரு டன்னைக் கழியுங்கள். மீதி 99 டன்னுக்கும் கணக்குக் காட்டிவிட்டால்தான் நீங்கள் தாமிரத்தைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டீர்கள் என்று பொருள்.